பலகை காலி

என் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தப் பிற்பகலில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியாக அவனை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று. ஆம்புலன்ஸில் வந்த பெண் கேட்டாள். வாசலில் படிவம் எழுதியவர் கேட்டார். பிறகு டாக்டரம்மா கேட்டார். முதல் இரண்டு பேரிடமும், “பன்னண்டு மணிக்கு வீட்டுக்குப் போயிட்டான்னு நினைச்சேன்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மீதியை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

பட்டாணி, கேரட், சோளம் இவற்றை உறையவைத்துப் பையில் அடைக்கும் தொழிற்சாலை எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் அங்கே வேலை பார்க்கிறோம். நான் பதினான்கு வருடமாக எடை மேஜையில். தம்பி எட்டு வருடமாகக் காற்றறையில். அவனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். காற்றறை என்பது ஒரு லாரி உள்ளே வந்து திரும்பும் அளவுக்குப் பெரிய இரும்பு அறை. தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டிகளை உள்ளே நெருக்கி நிறுத்தி, கதவை மூடி, விசிறிகளைப் போட்டுவிட்டால் மைனஸ் முப்பத்தைந்தில் காற்று சுழன்றடிக்கும். இரண்டரை மணி நேரத்தில் பட்டாணி கூழாங்கல் ஆகிவிடும்.

உள்ளே போகிறவன் தன் நம்பர் போட்ட டோக்கனைக் கதவோரப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அதை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். பலகை காலியாக இருந்தால்தான் மெஷின்காரர் கதவை மூடி விசிறியைப் போடுவார். இதற்குமேல் எளிமையான விதி உலகத்தில் இருக்க முடியாது. ஆனால் என் தம்பிக்கு மாட்டத் தெரியும், எடுக்கத் தெரியாது. வெளியே வந்த சந்தோஷத்தில் கையுறையைக் கழற்றி, ஜாக்கெட்டைக் கழற்றி, நேராக சைக்கிளிடம் போய்விடுவான். டோக்கன் பலகையிலேயே தொங்கும். மெஷின்காரர் அறை முழுக்க அவனைத் தேடுவார், விசிறி போடத் தாமதமாகும், மேனேஜர் கத்துவார். அவனுக்கு ‘மறதி மன்னன்’ என்று பெயர் வைத்தார்கள். அது சுருங்கி வெறும் ‘மன்னன்’ ஆயிற்று. “மன்னா, கிரீடத்த மறந்துட்டுப் போறீங்களே” என்று பெண்கள் கூடக் கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அவனுக்குக் கல்யாணமான புதிதில், மேனேஜர் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி, “உன் நம்பர் என்ன, சொல்லு. எங்க மாட்டணும், சொல்லு. எப்ப எடுக்கணும், சொல்லு” என்று சின்னப் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பலகை என் மேஜையிலிருந்து இரண்டு எட்டு தூரம். மறுநாளிலிருந்து பன்னிரண்டுக்கு அவன் ஷிப்ட் முடிகிற மணி அடித்ததும் நானே போய் அவன் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவேன். யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. “பாத்தியா, இப்பல்லாம் நான் மறக்கிறதே இல்ல” என்று என்னிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னான். நானும் “ஆமாண்டா, பொறுப்பு வந்துடுச்சு” என்று சொல்லிவைத்தேன்.

அன்றைக்கும் மணி அடித்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள். அவன் ஜாக்கெட் ஆணியில் தொங்கியது, டோக்கன் பலகையில் தொங்கியது. வழக்கமான காட்சிதான். மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே டோக்கனை எடுத்துப் போட்டேன். மெஷின்காரர் அந்தப் பக்கத்திலிருந்து, “பலகை காலியாம்மா?” என்று குரல் கொடுத்தார்.

“காலிதாண்ணே, மூடுங்க” என்றேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. உள்ளே கடைசி வண்டியின் சக்கரம் கோணிக்கொண்டு நின்றிருக்கிறது. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்ட பிறகுதான் அது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு நிமிட வேலை என்று வெறும் சட்டையோடு உள்ளே போயிருக்கிறான். போகும்போது ஒழுங்காக டோக்கனை மாட்டியிருக்கிறான். மூன்று வருடம் பொய் சொன்ன டோக்கன் அன்றைக்கு ஒருநாள்தான் உண்மை சொன்னது. அன்றைக்கும் நான் அதைக் கழற்றினேன்.

உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற குமிழ் ஒன்று கதவில் உண்டு. அதில் பனி இறுகிப்போயிருந்தது. குமிழைத் தட்டிவிட ஒரு மரச்சுத்தி பக்கத்தில் தொங்கும். அதை அவன் எடுத்திருக்கிறான்.

எனக்கு அது கேட்டது. அதைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் விழுங்கியிருந்தேன். எங்கள் சாப்பாட்டு அறையும் காற்றறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. பன்னிரண்டே முக்காலுக்கு டிபன் பாக்ஸைத் திறந்தபோது, விசிறி இரைச்சலுக்கு நடுவே டொக், டொக் என்று சத்தம். பழைய மெஷின், பனி உதிர்ந்து விசிறியில் பட்டால் அப்படித்தான் சத்தம் வரும். ஒருத்தி, “என்னக்கா சத்தம்?” என்றாள். நான், “மெஷினுக்குச் சளி பிடிச்சிருக்கு, இருமுது. ஒரு மாத்திர வாங்கிக் குடு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்படி ஒரு வாய். நான் வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிக்க வேண்டும். ஒன்றே காலுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினபோது சத்தம் இல்லை.

இரண்டரைக்குக் கதவைத் திறந்தார்கள். அவன் கதவுக்கு உள்பக்கம் சுருண்டு கிடந்தான். நான் ஓடிப் போவதற்குள் இரண்டு பேர் அவன் காலைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் அவனைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார்.  அவன் முகம் மெழுகு மாதிரி இருந்தது. புருவத்தில் வெள்ளையாகப் பொடி. ஆம்புலன்ஸ் பெண் வந்த வேகத்திலேயே அவர்களை அதட்டினாள்.

“தேய்க்காதீங்க! உட்கார வைக்காதீங்க! படுத்தமேனிக்கே இருக்கட்டும்!”

கழுத்தில் விரலை வைத்து ஒரு முழு நிமிடம் பார்த்தாள். அவ்வளவு நீளமான நிமிடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். யாரோ பின்னாலிருந்து, “போயிடுச்சும்மா” என்றார். அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “குளிர்ல கிடந்தவங்கள அப்படிச் சொல்ல முடியாது. சூடாக்கிப் பாத்துட்டுத்தான் சொல்லணும்.” அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் வண்டியில் ஏறினேன். போகும் வழியெல்லாம் அழுத்திக்கொண்டே வந்தாள். மூலையில் திரும்பும்போதெல்லாம் டிரைவரிடம், “மெதுவா, குலுக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்ப் பத்து நிமிடத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். அதற்குள் மேனேஜரும் மெஷின்காரரும் வந்துவிட்டார்கள். மேனேஜர் காரில், மெஷின்காரர் எப்படியென்று தெரியவில்லை, வேர்த்து விறுவிறுத்து நின்றார். டாக்டரம்மா சின்ன உருவம், சின்னக் குரல். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“உடம்புச் சூடு இருபத்து மூணு புள்ளி ஆறு. உங்களுக்கும் எனக்கும் முப்பத்தேழு. இதயத் துடிப்பு இல்ல. ஆள் மாத்தி ஆள் நெஞ்ச அழுத்திட்டிருக்காங்க. இங்க ஒரு மெஷின் இருக்கு. ரத்தத்த வெளிய எடுத்து, சூடாக்கி, பிராணவாயு கலந்து உள்ள அனுப்பும். எல்லாருக்கும் அதப் போட மாட்டோம். இப்ப ஒண்ணு தெரியணும் எனக்கு. உயிரோட இருக்கும்போதே நல்லாக் குளிர்ந்து, அப்புறம் இதயம் நின்னிருந்தா, மூளை கெடாம இருக்க வாய்ப்பு இருக்கு. போடலாம். இதயம் முதல்ல நின்னு, அப்புறம் உடம்பு குளிர்ந்திருந்தா, போட்டுப் பிரயோசனம் இல்ல. கடைசியா எத்தன மணிக்குப் பாத்தீங்க? எப்ப உள்ள போனாரு? எவ்வளவு நேரம் உயிரோட இருந்தாரு?”

மேனேஜர் முந்திக்கொண்டார். “பன்னண்டு மணிக்கே வெளிய வந்துட்டாரு மேடம். டோக்கன் பெட்டியில இருக்கு, ஜாக்கெட் ஆணியில இருக்கு. அப்புறம் அவரா எதுக்கோ உள்ள போயிருக்காரு. நெஞ்சுவலி வந்திருக்கலாம். இல்லைன்னா இவரு பலகையப் பாக்காம மூடியிருக்கணும்.” மெஷின்காரரைக் கையைக் காட்டினார்.

மெஷின்காரர், “காலியாத்தான் இருந்துச்சு சார்” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. பலகை காலி என்று நான் சொன்னதை அவர் சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா கதவின் கைப்பிடியில் கை வைத்தார். “நெஞ்சுவலியா இருந்தா…” என்று ஆரம்பித்தார்.

“நான்தான் எடுத்தேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். “டோக்கன நான் எடுத்துப் பெட்டியில போட்டேன். தினமும் நான்தான் எடுப்பேன், அவன் மறந்துடுவான்னு. அவன் வீட்டுக்குப் போகவே இல்ல டாக்டர். பன்னண்டு அஞ்சிலேர்ந்து உள்ளதான் இருந்திருக்கான். வெறும் சட்டையோட.”

“உயிரோட இருந்தார்னு எப்படித் தெரியும்?”

“தட்டினான். சாப்பிடும்போது கேட்டுச்சு. பன்னண்டே முக்காலுக்குக் கேட்டுச்சு. மெஷின் சத்தம்னு… நான் மெஷின் சத்தம்னு சொல்லிட்டேன்.”

“எப்ப நின்னுச்சு?”

“ஒண்ணு, ஒண்ணேகால்.”

“விட்டு விட்டா? சீராவா?”

“முதல்ல வேகமா. அப்புறம் விட்டு விட்டு.”

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, பரிதாபப்படவும் இல்லை. “ஒரு மணி நேரம் அந்தக் குளிர்ல இருந்து அப்பவும் தட்டியிருக்காரு. குளிர்தான் முதல்ல. அது போதும்” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, “மெஷின எடுங்க” என்று குரல் கொடுத்தார். சின்னக் குரல் என்று சொன்னேனே, அது அந்த வராந்தாவின் கோடிவரை கேட்டது.

மேனேஜர் என்னிடம், “இதெல்லாம் நீ எழுதிக் குடுக்கணும்” என்றார். “தர்றேன் சார். கதவுக் குமிழ்ல பனி இருந்தத நீங்க எழுதுங்க, அதுக்குக் கீழ நான் எழுதுறேன்” என்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மெஷின்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க சொல்லியிருக்கணும்ணே, நான்தான் காலின்னு சொன்னேன்னு.”

“சொல்லி?” என்றார் அவர். 

தம்பி பெண்டாட்டி நாலு மணிக்கு வந்தாள். தையல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள், அளவு நாடா கழுத்தில் கிடந்தது. அதை எடுக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. “எப்படி அண்ணி உள்ள மாட்டினாரு?” என்று கேட்டாள். டாக்டரிடம் சொன்ன வாய் அவளிடம் திறக்கவில்லை. “அப்புறம் சொல்றேம்மா. சூடாக்கிட்டிருக்காங்க. சூடு ஏறினா எழுந்துடுவான்” என்றேன். எழுந்துவிடுவான் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

கண்ணாடி வழியாக அவனைப் பார்க்க விட்டார்கள். தொடையில் கட்டைவிரல் பருமனுக்கு இரண்டு குழாய்கள். ஒன்றில் கறுத்த ரத்தம் போனது, இன்னொன்றில் சிவந்து திரும்பி வந்தது. மேலே காற்று நிரப்பின காகிதப் போர்வை, சூடான காற்றில் புஸ்ஸென்று உப்பிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் ஒரு திரை, அதில் மூலையில் ஒரு எண். இருபத்து நாலு புள்ளி இரண்டு. அவள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் சிஸ்டர் இவ்வளவு மெதுவா ஏறுது? சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கலாமே, கை காலுக்கு?” என்று வெளியே வந்த நர்ஸிடம் கேட்டாள்.

“கை கால மட்டும் சூடாக்கினா அங்க தேங்கின குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்கு ஓடி வரும்மா. உள்ளேர்ந்துதான் வெளிய சூடாக்கணும்” என்றாள் நர்ஸ். அவளுக்குச் சொல்லிப் பழக்கம்போல. என் தம்பி பெண்டாட்டி தலையை ஆட்டினாள். பிறகு எனக்கு அதையே திரும்பச் சொன்னாள், நான் கேட்காதவள் போல.

இருபத்தாறு. இருபத்தேழு. ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் என் கையை அமுக்கினாள். “ஏறுது அண்ணி.” பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஏதோ பந்தயம் பார்ப்பது போல இருந்திருக்கும். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது, அதை மறைப்பானேன். இருபத்தெட்டில் திரையில் நேர்கோடாக ஓடிக்கொண்டிருந்தது நடுங்க ஆரம்பித்தது. உள்ளே எல்லாரும் விறுவிறுப்பானார்கள். அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. இன்னொரு முறை. அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “என்ன அண்ணி, என்ன பண்றாங்க” என்றாள். “இதயத்த எழுப்புறாங்கம்மா” என்றேன். நடுக்கம் அடங்கி மறுபடி கோடானது. முப்பதில் ஒருமுறை முயன்றார்கள். முப்பத்திரண்டில் ஒருமுறை. ஒரு நர்ஸ் ரத்தக் குப்பியோடு ஓடினாள், ஒரு தாளோடு திரும்பி வந்தாள். டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். 

எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. முப்பத்து மூன்று. “ஏறுது அண்ணி” என்றாள் அவள். அவளுக்கு அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சூடாக்கிப் பார்த்த பிறகு சொல்லிவிடுவார்கள், எண் ஏற ஏற அதற்கு இன்னும் கொஞ்சம்தான் நேரம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது அப்படியே நின்றுவிடக் கூடாதா, யாருக்கும் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்காதே என்று நினைத்தேன். அப்படியும் ஒரு அக்கா நினைப்பாளா? நினைத்தேன்.

ஆறு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்கு இவ்வளவு நரை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“முப்பத்து நாலு தாண்டியாச்சும்மா. இனிமே குளிரைக் குத்தம் சொல்ல முடியாது. இதயம் அசையல. ரத்தத்துல பொட்டாசியம் உப்பு ரொம்ப ஏறிடுச்சு, செல்லெல்லாம் செத்துப்போனா அப்படித்தான் ஏறும். செய்யக்கூடியது எல்லாம் செஞ்சாச்சு. நிறுத்துறோம்.”

நான் “சரி” என்றேன். என்ன பேத்தலான பதில்.  டாக்டரம்மா என் கையைப் பிடித்து, தம்பி பெண்டாட்டி காதில் விழாதபடி, “நீங்க சொல்லாம இருந்திருந்தா நாங்க முயற்சியே பண்ணியிருக்க மாட்டோம்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார். சொல்ல வேண்டியதைப் பன்னிரண்டே முக்காலுக்குச் சொல்லாதவளுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டு எங்களை உள்ளே விட்டார்கள். மெஷின் ஓய்ந்திருந்தது. காகிதப் போர்வை காற்றிறங்கித் தொங்கியது, அதற்குப் பதிலாக வெள்ளைத் துணி. அவன் முகத்தில் ரத்தம் ஓடி நல்ல நிறமாக இருந்தது. காலையில் வேலைக்கு வந்தபோது இருந்ததைவிட நன்றாக இருந்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவன் கையை எடுத்தாள். எடுத்தவள் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணி, சூடா இருக்காரு.”

“ஆமாம்மா…”

“தொட்டுப் பாருங்க. சூடா இருக்காரு அண்ணி. நல்லாச் சூடா இருக்காரு. எப்படி அண்ணி?”

தொட்டேன். போர்வைக்குள்ளிருந்து அப்போதுதான் வெளியே எடுத்த கை மாதிரி இருந்தது. எங்கள் அப்பாவைத் தொட்டிருக்கிறேன், அம்மாவைத் தொட்டிருக்கிறேன். தொட்ட உடனே தெரிந்துவிடும், கை தானாகப் பின்வாங்கும். இவனைத் தொட்டால் எதுவும் தெரியவில்லை. என் கைக்கு அவன் செத்துப்போனது புரியவே இல்லை. நர்ஸ் மெல்ல, “அது மெஷின் குடுத்த சூடும்மா” என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. என் தம்பி பெண்டாட்டி அதைக் காதில் வாங்கவில்லை.

இதற்குமேல் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. நாளைக்குத் தொழிற்சாலையிலிருந்து யாராவது சொல்லுவார்கள். மேனேஜரே சொல்லுவார். என் வாயால்தான் அவள் கேட்க வேண்டும்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் எப்படி உள்ள மாட்டினான்னு கேட்டியே. அது…”

அவள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். அதட்டவில்லை. என் முகத்தில் என்ன பார்த்தாளோ.

“இப்ப வேணாம் அண்ணி. எதுவா இருந்தாலும் இப்ப வேணாம். இவரு சூடா இருக்குற வரைக்கும் யாரும் எதுவும் சொல்லாதீங்க.”

 கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நர்ஸ் வெளியே போகும்போது, யாரும் கேட்காமலே, ஏசியை நிறுத்திவிட்டுப் போனாள்.

முதலில் விரல்கள் ஆறிப்போயின என்று நினைக்கிறேன், அவள் தன் கையை அவன் மணிக்கட்டுக்கு நகர்த்தினாள். கொஞ்ச நேரம் கழித்து முழங்கைக்கு. பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழுத்துக்குப் போனாள். எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே போனாள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். கடைசியில் துணிக்கு அடியில் கையை விட்டு அவன் அக்குளில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் உட்காரவில்லை. கால் மரத்துப்போயிற்று, மாற்றி வைக்கவும் தோன்றவில்லை.

அவள் கையை வெளியே எடுத்தாள். துணியை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள். நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

“இப்பச் சொல்லுங்க அண்ணி” என்றாள்.